கடைசல் யந்திரத்தின் பிடிப்புச் சாதனங்கள்: பட்டறையில் செய்வதா, கடையில் வாங்குவதா?

சுழலும் உலோகத்தை உளியால் சீவவேண்டுமானால், சீவுவதற்கு முன்னரே அவ்வுலோகத்தை அசையாமலும் கோணாமலும் ஒன்று பற்றிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வாறு பற்றும் சாதனத்தை லேத் எனப்படும் கடைசல் யந்திரத்தில் வேலை செய்பவரே தம் கையால் செய்துகொள்வது உசிதமா, அல்லது அதற்கென்றே அமைந்த தொழிற்சாலையில் செய்ததை விலைக்கு வாங்குவது உசிதமா என்பது, உலோகக் கடைசல் ஒரு தனித்தொழிலாக உருப்பெற்ற நாள் முதல் கேட்கப்பட்டுவரும் வினா. இதற்குச் சொல்லப்பட்ட விடைகளுள் ஒன்றேனும் முற்றும் பொய்யன்று. ஒன்றேனும் எல்லாப் பட்டறைகளுக்கும் பொருந்துவதுமன்று. சித்தூர், திருப்பதி ஆகிய இரு மாவட்டங்களின் பழுதுபார்க்கும் பட்டறைகளை மனத்தில் கொண்டு அவ்விடைகளைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினா பிறந்த விதம்

லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி 1800-ஆம் ஆண்டை ஒட்டித் திருகு வெட்டும் லேத்தை அமைத்த காலத்தில், பிடிப்புச் சாதனம் என்பது கடையில் கிடைக்கும் சரக்கே அன்று. மரத்திலும் பித்தளையிலும் தமக்கு வேண்டியதைத் தாமே கடைந்துகொள்வது அக்காலத்துக் கடைசற்காரரின் நித்திய வழக்கம். அந்நகரத்தில் லேத் செய்து விற்ற ஹோல்ட்ஸாப்ஃபல் குடும்பத்தார் 1843 முதல் வெளியிட்டுவந்த கடைசற்கலை நூல் வரிசையின் நான்காம் பாகம் 1881-இல் வந்தது. கைக்கடைசலைப் பற்றிய அந்நூலில் சக் எனப்படும் பிடிப்புச் சாதன வகைகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ள இடத்தைப் பார்த்தால், அக்காலத்தில் ஒரு கடைசற்காரரின் திறமையில் பெரும்பகுதி பிடிப்பை யோசிப்பதிலேயே செலவாயிற்று என்று தோன்றுகிறது.

இந்நிலையை மாற்றியது அமெரிக்காவில் பிறந்த ஒரு யுக்தி. 1830-இல் சைமன் ஃபேர்மன் என்பவர், சுருள் வடிவமான பள்ளத்தைக் கொண்ட தட்டு ஒன்றைத் திருப்பினால் பற்றும் தாடைகளான ஜாக்கள் யாவும் ஒருங்கே மையத்தை நோக்கி நகரும் சக்கிற்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் பட்டறைகளில் 'மூணு ஜா சக்' என்று வழங்குவது அதன் வம்சமே. சாவியை ஒரு முறை திருப்பினால் வேலைப்பொருள் தானே மையத்தில் அமரும் என்னும் சௌகரியம் வந்த பிறகு, கையால் செய்வதற்கு நியாயம் என்ன இருக்கிறது என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

இந்தியாவில் இவ்விவாதம் பிந்தி வந்தது. கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. தொழிற்பள்ளி 1926-இலும், ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் 1941-இலும், பெங்களூரில் எச்.எம்.டி. 1953-இலும் தோன்றிய பின்னரே, தென்னாட்டுப் பட்டறைகளுக்கு உள்நாட்டு லேத் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. சென்னைக் கிண்டியில் சக்குகளையே முதன்மைச் சரக்காகச் செய்யும் தொழிற்சாலையும் பின்னர் ஏற்பட்டது. ஆகையால் 'கிடைக்கவில்லை, அதனால் செய்துகொண்டோம்' என்று முன்னோர் சொன்ன காரணம் இன்று செல்லாது. இன்றும் செய்துகொள்பவர் வேறு காரணம் காட்டியாக வேண்டும்.

இப்பிரதேசத்தின் வேலைகள்

வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் தாலுகாக்களைச் சேர்த்து 1911-இல் அமைக்கப்பட்ட சித்தூர் மாவட்டம் 1953-இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடு எத்தனை முறை நகர்ந்தாலும், சித்தூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேரப் பயணந்தான். திருப்பதியிலிருந்து சென்னை ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீட்டர். சாதனம் வாங்குவதற்கு வழியில்லாத ஊர்கள் அல்ல இவை.

வேலையின் தன்மைதான் இங்கே விசேஷம். நிலத்தடி நீருக்காகப் பல இடங்களில் மிக ஆழமாகத் துளையிட வேண்டியிருக்கும் இம்மாவட்டங்களில், ஆழ்குழாய்க் கிணற்றின் நீர்மூழ்கி மோட்டாரும் பம்பும் பழுதாவது அன்றாட சம்பவம். அதனோடு வெல்லம் காய்ச்சுவோரின் கரும்பாலை உருளைகள், நகரி, புத்தூர்ப் பக்கத்து விசைத்தறிகளின் தண்டுகள், தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழாக்கும் ஆலைகளின் துருப்பிடியாத எஃகு உறுப்புகள் ஆகியவையும் பட்டறைக்கு வருகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஒற்றை வேலைகள். ஒரே அளவில் ஆயிரம் செய்வதற்கு இங்கே சந்தர்ப்பம் குறைவு. வருவது யாவும் ஏற்கெனவே தேய்ந்தோ வளைந்தோ போன பொருளாதலால், எந்த மேற்பரப்பைப் பற்றினால் மற்றப் பரப்புகள் அதற்கு நேராகும் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாக நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது. திருப்பதியிலுள்ள ரயில்பெட்டி பழுதுபார்க்கும் தொழிற்சாலையைப் போன்ற பெரிய ஸ்தாபனங்களின் நிலை வேறு. அங்கே வேலை வரிசையாக வருவதால், அதற்கேற்ற சாதனங்களை ஒரு முறை நிறுவினால் போதும்.

இரு சென்டர்களின் கட்சி

மிகப் பழைய கட்சி, சக்கே வேண்டாம் என்பது. வேலைப்பொருளின் இரு முனைகளிலும் அறுபது பாகைக் குழி இட்டு, சென்டர் எனப்படும் இரு கூர்முனைகளுக்கு நடுவே நிறுத்தி, டாக் எனப்படும் கேரியரை மாட்டிச் சுழற்றினால், எத்தனை தடவை எடுத்து வைத்தாலும் பழைய அச்சே திரும்பக் கிடைக்கும். இதற்கு இணையான நம்பகம் வேறெந்த முறைக்கும் இல்லையென்பதை எதிர்க்கட்சியினரும் ஒப்புக்கொள்வர். கேரியரை ஒரு துண்டு எம்.எஸ். (மென் எஃகு) பட்டையும் ஒரு போல்ட்டும் கொண்டு எவரும் செய்துகொள்ளலாம். கரும்பாலை உருளையின் கழுத்தைத் திருத்துவதற்கு இன்றளவும் இதைவிடச் சிறந்த வழி காண்பது அரிது.

ஆயினும், துளைக்கும் வேலைக்கு இம்முறை உதவாது. மெல்லிய வளையத்துக்கும் உதவாது. பழைய தண்டின் சென்டர்க் குழி அடிபட்டிருந்தால், அக்குழியையே முதலில் திருத்தவேண்டும்; அதற்கு அத்தண்டை வேறொன்று பற்றியாக வேண்டும். ஆக, இக்கட்சி தனக்குள்ளேயே தன் எல்லையைக் காட்டிவிடுகிறது.

தன்னைத் தானே திருத்தும் யந்திரம்

இரண்டாம் கட்சியே மிகுந்த கவனத்துக்குரியது. லேத்தின் எந்தச் சுழல்தண்டில் (ஸ்பிண்டிலில்) சாதனம் சுழலப்போகிறதோ அதே ஸ்பிண்டிலில் மாட்டி, அதே லேத்தின் உளியால் இறுதிச் சீவல் கொடுத்துவிட்டால், ஸ்பிண்டில் மூக்கில் சிறு கோணல் இருந்தாலும், சாதனத்தின் பற்றும் பரப்பு சுழற்சியின் அச்சோடு ஒன்றிவிடும் என்பது இக்கட்சியின் மூலதத்துவம். இங்கிலாந்தில் எல்.எச். ஸ்பேரி 1948-இல் எழுதிய அமெச்சூர் லேத் நூல் முதலியவற்றின் வழியே இல்லப் பட்டறையாளரிடையே இவ்வெண்ணம் பரவியது. ஆனால் புத்தகம் படிக்காத டர்னர்களும் இதைத் தம் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள்.

நீர்மூழ்கிப் பம்பின் இம்பெல்லர் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். அது நோரில் பிளாஸ்டிக்காகவோ வார்ப்பாகவோ இருக்கலாம்; நடுத்துளையில் தண்டு நுழைகிறது, கழுத்து வட்டம் நிலையான வளையத்துக்குள் மிகக் குறைந்த இடைவெளியில் சுழல்கிறது. கழுத்துத் தேய்ந்தால் நீர் பின்னோக்கி வழிந்து பம்பின் திறன் குறையும். அதைச் சீவிச் சமப்படுத்திப் புதிய வளையம் இடும்போது, கழுத்து நடுத்துளைக்கு மையமாக அமையாவிட்டால் பம்பு உராய்ந்து கெடும். இம்பெல்லரை வெளிப்புறத்தில் மூணு ஜா சக்கால் பற்றினால், அந்த வெளிப்புறமே நடுத்துளைக்கு நேர் என்பதற்குப் பிரமாணம் ஏதுமில்லை. ஆகவே சக்கில் ஓர் எஃகுத் துண்டைக் கட்டி, அதைத் துளையின் அளவுக்குக் கடைந்து, முனையில் மரை இட்டு, அதன்மேல் இம்பெல்லரைச் செருகி நட்டால் இறுக்கிச் சீவுவதே வழி. கட்டிய துண்டை எடுக்காதவரையில், மாண்ட்ரல் எனப்படும் அதன் நேர்மை, விலை கொடுத்து வாங்கும் எந்தச் சாதனத்துக்கும் குறைந்ததன்று. துண்டின் மதிப்போ, பழைய லாரி அச்சின் ஒரு கைப்பிடி அளவு. எடுத்து வைத்து மறுபடி பயன்படுத்தும் மாண்ட்ரலுக்கு, மீட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் என்ற மிகச் சிறிய சரிவு கொடுப்பது தொன்றுதொட்ட மரபு. பொருளை அழுத்தித் தள்ளினால் அச்சரிவிலே தானே இறுகிவிடும்.

பிளவு புஷ், மென்மையான ஜா ஆகியவையும் இத்தத்துவத்தின் கிளைகளே. தண்டின் பளபளப்பான பகுதியில் ஜாவின் பற்குறி விழக்கூடாதென்றால், ஒரு புஷ்ஷைக் கடைந்து அந்தத் தண்டின் விட்டத்துக்குத் துளைத்து, ஒரு பக்கம் ரம்பத்தால் பிளந்து, எந்த ஜாவின் எதிரே எந்த இடம் நின்றது என்று குறி இட்டுக்கொண்டு பயன்படுத்துகிறார்கள். மென்மையான ஜாவை வேலைப்பொருளின் அளவுக்கே துளைக்கும்போது, ஜாக்களுக்கு இடையே ஒரு வளையத்தை இறுக்கி வைத்துக்கொண்டு துளைக்க வேண்டும்; வெறும் ஜாவைத் துளைத்தால், சுமை ஏறும்போது ஜாக்கள் வேறொரு நிலையில் அமரும், துளைத்த நேர்மை வீணாகும். இந்தச் சிறு நிபந்தனையை மறப்பதனாலேயே பலர் மென் ஜாவைப் பழிக்கிறார்கள் என்று கருத இடமுண்டு.

இக்கட்சியின் பலவீனங்கள் மூன்றேனும் சொல்லலாம். சாதனத்தைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினால் அந்நேர்மை முழுவதும் திரும்புவதில்லை. மரை மூக்குள்ள பழைய லேத்தில் இது அதிகம், கேம்லாக் மூக்கில் குறைவு. ஸ்பிண்டிலின் பேரிங்கே தேய்ந்து ஆடுமானால், அந்த ஆட்டம் சாதனத்தின் வடிவத்திலும் பதிந்துவிடும். காலச் செலவு வேறு: ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மாண்ட்ரல் என்றால், நாள் முடிவில் எஞ்சும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியைப் பட்டறை உரிமையாளர் கேட்பதில் தவறில்லை.

விலைக்கு வாங்குவோர் வாதம்

கடினப்படுத்தி அரைக்கப்பட்ட ஜா, சோதித்து அனுப்பப்பட்ட உடல், உதிரி உறுப்பு எளிதாகக் கிடைக்கும் வசதி ஆகியவற்றைப் பட்டறையில் உண்டாக்க முடியாது என்பது மூன்றாம் கட்சியின் வாதம். சுருள் தட்டின் பள்ளத்தைச் சரியாக வெட்டுவது சாதாரண லேத்தில் ஆகாத காரியம் என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் மூணு ஜா சக்கின் நேர்மையைப் பற்றிச் சிலர் கொண்டுள்ள நம்பிக்கை மிகை. சுருளின் வளைவு உள்ளே ஒன்றாகவும் வெளியே வேறாகவும் இருப்பதால், ஜாவின் பற்கள் எல்லா இடத்திலும் ஒரே விதமாகப் பொருந்துவதில்லை. அடிக்கடி பற்றும் விட்டத்தில் தேய்மானம் அதிகமாகிறது. புதிய சக்கிலேயே டயல் கேஜின் முள் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை அசைவது சாதாரணம். தேய்மானம் ஏறினால், பிழை ஒவ்வொரு விட்டத்திலும் ஒவ்வொன்றாக இருக்கும். ஆகவே ஜாவை ஒரு தடவை அரைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பதும் அரைகுறை உண்மையே. தனித்தனியாக நகரும் நாலு ஜா சக்கைப் பொறுமையோடு டயல் கேஜ் வைத்துச் சரிசெய்தால் 0.01 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிடலாம். பொறுமைக்குக் கூலி தருவோர் குறைவு என்பதே அதன் குறை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கடையில் வாங்கிய சக்கையும் அப்படியே மாட்டிவிட முடியாது. அதற்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே ஒரு பேக் பிளேட் வேண்டும். அதன் பொருத்துமேட்டை அந்த லேத்திலேயே இறுதியாகச் சீவியாக வேண்டும். அதில் பிழை இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த சக்கும் கோணியே சுழலும். ஆக, வாங்குவோர் கட்சி தன் அஸ்திவாரத்தில் செய்வோர் கட்சியைச் சார்ந்தே நிற்கிறது.

பிளவுபட்டுச் சுருங்கிப் பற்றும் குழலான கோலட் விஷயத்தில் வாங்குவோர் வாதம் பலமுள்ளது. சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் 1970-களில் அறிமுகப்படுத்திய ஈ.ஆர். வகைக் கோலட், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை சுருங்கிப் பல அளவுகளைப் பற்றுகிறது. அதைச் சுமக்கும் உடலை மட்டும் பட்டறையில் செய்துகொண்டு, கோலட்டையும் நட்டையும் வாங்கிக்கொள்வது இப்போது பலரும் கைக்கொள்ளும் நடுவழி. ஈ.ஆர். 32 என்றால், பக்கத்துக்கு எட்டு பாகைச் சரிவான உள்துளையும், எம் 40 × 1.5 என்ற வெளிமரையும் வேண்டும். உளியின் நுனி சென்டர் உயரத்துக்குச் சரியாக இல்லாவிட்டால் சரிவு நேர்கோடாக அமையாமல் சிறிது வளைந்துவிடும். அப்போது கோலட் முழு நீளத்துக்கும் படியாது. ஆனால் ஈ.ஆர். 32 சாதாரணமாக இருபது மில்லிமீட்டர் வரைதான் பற்றும். அதற்கு மேற்பட்ட பம்புத் தண்டுகளும் கரும்பாலைத் தண்டுகளும் வரும் பட்டறைக்கு இது முழு விடையாகாது.

சிக்கனமும் அபாயமும்

பழைய இரும்பிலிருந்தே யாவற்றையும் செய்யலாம் என்னும் கட்சி ஒன்று உண்டு. டேவிட் ஜிஞ்செரி என்னும் அமெரிக்கர் 1980-களில் கரியடுப்பில் அலுமினியக் கழிவை உருக்கி வார்த்து லேத்தையே செய்யும் முறையை எழுதிப் பெயர் பெற்றார். அத்தகைய உற்சாகம் நம் ஊரிலும் இல்லாமலில்லை. நீண்ட தண்டு துவளாமலிருக்கத் தாங்கும் ஸ்டெடியை இரும்புத் தகட்டிலும் பழைய பால் பேரிங்கிலும் செய்துகொள்வது வெகு சாதாரணம். பேரிங் வைத்த ஸ்டெடி கன்மெட்டல் பட்டை வைத்ததைவிட வேகமாக ஓடும். ஆனால் சீவல் அதன் அடியில் சிக்கினால் தண்டின் மேல் அழுந்தித் தழும்பு செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இக்கட்சி அஜாக்கிரதையாகும் இடம் வேகம். சுழலும் பொருளில் பிறக்கும் மையவிலக்கு விசை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்கிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. சாதாரண வார்ப்பிரும்பில் எஃப்.ஜி. 200 என்ற தரத்தின் இழுவிசைத் திறன் சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன், சாதாரண எம்.எஸ். அதைப் போல இரு மடங்கு தாங்கும், முறிவதற்கு முன் நீளவும் செய்யும். வார்ப்பிரும்போ முன்னறிவிப்பின்றி உடையும். பழைய மோட்டார் ஃபிளைவீலைக் கடைந்து, வேலைப்பொருளைக் கட்டும் பேஸ் பிளேட் ஆக்குவோர், அதன் உள்ளே இருக்கக்கூடிய விரிசலைக் கண்ணால் காணமுடியாது என்பதை நினைவில் வைக்கவேண்டும். மேலும், வெளிப்புறத்தைப் பற்றும் ஜாக்களின் பிடி வேகம் ஏற ஏறத் தளர்கிறது. நின்றிருக்கும்போது உறுதியாகத் தோன்றிய பிடி, ஓடும்போதும் அவ்வாறே இருக்கும் என்பதில்லை.

பேஸ் பிளேட்டில் வேலைப்பொருளை போல்ட்டால் கட்டுவது, மெல்லிய வளையத்தைப் பக்கவாட்டில் நெரிக்காமல் பற்றுவதற்குச் சிறந்த முறை. மூன்று ஜாவில் நெரித்துத் துளைத்த வளையம், ஜாவைத் தளர்த்தியதும் முக்கோணச் சாயல் கொள்வதை அனுபவசாலிகள் அறிவர். ஆனால் பேஸ் பிளேட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனைகள் கையையும் வேட்டியையும் இழுத்துக்கொள்ளும். சுழலும் அச்சில் உள்ள திருகும் போல்ட்டும் புதைந்தோ மூடப்பட்டோ இருக்கவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு விதித்தது. அச்சட்டம் மின்சக்தியோடு பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களையே தொழிற்சாலை என்று கொண்டதால், இருவர் மூவர் வேலை செய்யும் லேத் பட்டறைகள் அதன் வெளியே நின்றன. சட்டம் நிர்ப்பந்திக்காத இடத்தில், சாதனத்தைச் செய்பவரின் மனச்சாட்சியே மேற்பார்வையாளர்.

தீராத ஐயங்கள்

இவ்வளவையும் நோக்கும்போது, ஒற்றை வேலைகளே மிகுந்த இப்பிரதேசத்தில் மாண்ட்ரல், பிளவு புஷ், மென் ஜா, பேக் பிளேட், கேரியர் ஆகியவற்றைப் பட்டறையிலேயே செய்துகொள்வது சிக்கனத்துக்காக மட்டுமன்றி நேர்மைக்காகவும் உசிதம் என்றே சொல்லத் தோன்றுகிறது. கணினி வழி ஓடும் சி.என்.சி. லேத்களிலும் ஹைட்ராலிக் சக்கின் மென் ஜாவை அதே யந்திரத்தில் வேலைக்கேற்பத் துளைத்துக்கொள்வதே வழக்கமாக இருப்பது, பழைய கட்சிக்கு எதிர்பாராத சாட்சி. சுருள் சக்கையும் கோலட்டையும் வாங்குவதே சரி. நாலு ஜா சக்கைச் சொந்தமாகச் செய்யலாமா என்பதில் அபிப்பிராய பேதம் நீடிக்கும். குறைந்த வேகத்து வேலைக்குச் செய்யலாம் என்பாரின் கூற்றை மறுக்கவும் முடியவில்லை, பொதுவிதியாக ஏற்கவும் முடியவில்லை.

நிச்சயமாகத் தீராதிருப்பவை வேறு இரண்டு. பிடியின் விசை எவ்வளவு என்பதைச் சிறு பட்டறைகளில் அளப்பதில்லை; சாவியில் கொடுக்கும் முறுக்கு, ஜாவுக்கு எண்ணெய் இட்டிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே வெகுவாக மாறும். கையால் செய்த சாதனம் ஓராண்டு உழைத்தபின் எவ்வளவு நேர்மையோடு இருக்கிறது என்பதும் பெரும்பாலும் டர்னரின் ஞாபகத்திலேயே தங்கிவிடுகிறது. அவர் பட்டறையை விட்டால் அதுவும் போய்விடும். திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியும், இரு மாவட்டங்களின் ஐ.டி.ஐ.களும், மாணவர்களை அருகிலுள்ள பட்டறைகளுக்கு அனுப்பி, கையால் செய்த மாண்ட்ரலையும் வாங்கிய சக்கையும் ஒரே டயல் கேஜால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து குறித்துவைக்கச் செய்தால், இவ்விவாதத்தில் ஊகத்தின் பங்கு குறையும். அதுவரை காத்திராமல், தாம் செய்த ஒவ்வொரு சாதனத்தின் மீதும் செய்த தேதியையும் அன்று காட்டிய முள் அசைவையும் பொறித்து வைக்குமாறு பட்டறையாளர்களைக் கேட்டுக்கொள்ளலாம். எண் பொறிக்கும் பன்ச் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது.